கோப்ளினை எங்கிருந்து கேட்கத் தொடங்குவது?

இத்தாலியின் கோப்ளின் இசைக்குழு பெரும்பாலும் ஒரே வழியாகத்தான் நம்மிடம் வந்து சேர்கிறது. யாராவது ஒரு நண்பர் ராத்திரி 11 மணிக்கு ‘சஸ்பிரியா’ என்ற பேய்ப்படத்தின் முகப்பு இசையை அனுப்பிவைப்பார். விளக்கை அணைத்துவிட்டுக் கேட்போம். குழந்தைகளின் சாவிப் பொம்மைக்குள்ளிருந்து வருவதுபோல ஒரு மெட்டு சுற்றிக்கொண்டே இருக்கும். நடுவில் ஒருவர் காதோரமாக வந்து கரகரவென்று எதையோ முணுமுணுப்பார். எழுந்து விளக்கைப் போட்டுவிட்டு, ‘யாரப்பா இவர்கள்?’ என்று தேடத் தொடங்குவோம்.

சிக்கலும் அங்கேதான் தொடங்குகிறது. கோப்ளின் என்று தட்டினால் வரிசையாக இசைத்தட்டுகள் வந்து விழும். அவற்றில் பாதி, பிற்காலத்தில் மறுபடி வாசித்துப் பதிந்தவை. அதே பெயரின் முன்னும் பின்னும் ஒட்டுச் சேர்த்துக்கொண்ட குழுக்கள் மூன்று நான்கு இருக்கும். அசல் கோப்ளின் ஆட்களுடைய முதல் இசைத்தட்டோ அந்தப் பெயரிலேயே இருக்காது. எங்கே கையை வைப்பது?

நான் போன வழியைச் சொல்கிறேன். அதில் நான் இடறிய இடங்களையும் சேர்த்துச் சொல்வதால் உங்களுக்குப் பாதி நேரம் மிச்சமாகும். 1970களின் தொடக்கத்திலிருந்து 1978 வரைக்கும்தான் இந்த வழிகாட்டி. ஐந்தாறு மாலை நேரங்கள் போதும். நல்ல ஹெட்ஃபோன் ஒன்று வேண்டும், கைப்பேசியின் ஒலிபெருக்கியில் இந்த இசையின் அடித்தளமே காணாமல் போய்விடும். மூன்று படங்கள் பார்க்கவேண்டும். ரத்தம் பார்த்தால் மயக்கம் வருகிறவர் படங்களை விட்டுவிட்டு இசையை மட்டும் பிடித்துக்கொள்ளலாம், தவறில்லை.

முதல் படி: ஆட்களைத் தெரிந்துகொள்ளுங்கள்

உறையின் மேல் இருக்கும் குழுப் பெயரை நம்பிப் போனால் இவர்கள் விஷயத்தில் வழி தவறும். உள்ளே யார் வாசிக்கிறார்கள் என்று பாருங்கள். ஒரு காகிதத்தில் மூன்று பெயர்களை எழுதிக்கொள்ளுங்கள்: கீபோர்டில் கிளாவ்டியோ சிமொனெட்டி, கிட்டாரில் மாஸ்ஸிமோ மொரான்டே, பேஸ் கிட்டாரில் ஃபாபியோ பின்யாடெல்லி. இந்த மூவர்தான் அடுப்பின் மூன்று கல்.

அதற்குக் கீழே டிரம்ஸ் வாசித்தவர்களை வரிசையாக எழுதுங்கள்: கார்லோ போர்டினி, வால்ட்டர் மார்ட்டினோ, அகோஸ்டினோ மராங்கோலோ. இந்த வரிசை ரொம்ப உபயோகம். டிரம்ஸில் போர்டினி என்றால் அது கோப்ளின் என்ற பெயர் வருவதற்கு முந்தைய பதிவு. மார்ட்டினோ என்றால் 1975, ‘ப்ரொஃபோன்டோ ரோஸ்ஸோ’ என்ற கொலைப்படத்துக்கு இசை போட்ட காலம். மராங்கோலோ என்றால் அதற்குப் பிறகு. உறையில் என்ன அச்சாகியிருந்தாலும் டிரம்மர் யாரென்று தெரிந்தால் காலம் தெரிந்துவிடும்.

சிமொனெட்டியைப் பற்றி இரண்டு வரி. 1952இல் பிரேசிலின் சாவோ பாவ்லோ நகரில் பிறந்தவர். அப்பா என்ரிகோ சிமொனெட்டி பியானோக் கலைஞர், இசையமைப்பாளர், இத்தாலியத் தொலைக்காட்சியில் வீட்டுக்கு வீடு தெரிந்த முகம். அந்த அப்பாவைப் பின்னால் ஒரு இடத்தில் மறுபடி சந்திப்போம்.

இரண்டாம் படி: ஒரே ஒரு பாட்டு, மூன்று முறை

‘ப்ரொஃபோன்டோ ரோஸ்ஸோ’ முகப்பு இசையை எடுங்கள். தலைப்பின் பொருள் ‘அடர் சிவப்பு’. 1975 பதிவுதானா என்று உறுதி செய்துகொள்ளுங்கள், ஏனென்றால் இதையே இவர்கள் பலமுறை திரும்ப வாசித்திருக்கிறார்கள்.

முதல் முறை சும்மா கேளுங்கள். இரண்டாம் முறை தொடையில் தாளம் போட்டுக்கொண்டு கேளுங்கள். நமக்குப் பழக்கமான ஆதி தாளத்தையே போட்டுப் பாருங்கள். தொடக்கத்தில் வரும் அந்தச் சுழலும் மெட்டோடு எட்டு எட்டாக எண்ணிக்கொண்டு போனால் சீக்கிரமே கை ஒரு பக்கம், மெட்டு ஒரு பக்கம் என்று பிரிந்துவிடும். கேட்க எளிமையாக இருக்கும் மெட்டில் இப்படி ஒரு கால் நொண்டுவதுதான் வயிற்றுக்குள் ஏதோ செய்கிறது. மூன்றாம் முறை பின்யாடெல்லியின் பேஸை மட்டும் பின்தொடருங்கள். எல்லோரும் மேலே சுற்றும் மெட்டைத்தான் பேசுவார்கள். பாட்டை இழுத்துக்கொண்டு நடப்பது இவர். அப்புறம் திடீரென்று தேவாலய ஆர்கன் ஒலி சுவரை உடைத்துக்கொண்டு வரும்போது, அதற்கு அடியில் பேஸ் என்ன செய்கிறது என்று கவனியுங்கள்.

‘இதை எங்கோ கேட்டமாதிரி இருக்கிறதே’ என்று தோன்றினால் உங்கள் காது சரியாகத்தான் இருக்கிறது. மைக் ஓல்டுஃபீல்டின் ‘ட்யூபுலர் பெல்ஸ்’ 1973இல் வந்தது. அதன் தொடக்க மெட்டும் ஏழும் எட்டும் சேர்ந்த 15 எண்ணிக்கையில் சுற்றுவது. அதே ஆண்டின் ‘தி எக்ஸார்சிஸ்ட்’ படம் அந்த மெட்டை உலகம் முழுக்கப் பேய்ப்பட அடையாளமாக்கிவிட்டது. சாயல் இருக்கிறது, மறைக்க ஒன்றுமில்லை. ஆனால் ஓல்டுஃபீல்டின் மெட்டில் பயம் படத்தால் வந்து ஒட்டிக்கொண்டது. இவர்களுடையது பயமுறுத்துவதற்கென்றே செய்தது. இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டுக் கேட்டால் வித்தியாசம் தெரியும்.

இந்த ஒரு பாட்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள். முழுத் தட்டுக்குள் இப்போது போகவேண்டாம். ஒரு படி பின்னால் போகவேண்டியிருக்கிறது.

மூன்றாம் படி: பெயர் தொலைத்த குழு

1970களின் தொடக்கத்தில் இத்தாலியில் ப்ரொக்ரெஸிவ் ராக், அதாவது நீளமான, சிக்கலான அமைப்புள்ள ராக் இசை, காய்ச்சலாக அடித்தது. ஜெனிசிஸ், வான் டெர் கிராஃப் ஜெனரேட்டர் போன்ற ஆங்கிலக் குழுக்களுக்கு அங்கே பெரிய வரவேற்பு. உள்ளூரிலேயே பிஎஃப்எம், பாங்கோ, லெ ஓர்மே என்று பெரிய குழுக்கள் இருந்தன. ரோமில் சிமொனெட்டி, மொரான்டே, பின்யாடெல்லி, போர்டினி நால்வரும் சேர்ந்து ‘ஆலிவர்’ என்ற பெயரில் சொந்தப் பாட்டுகளைப் பதிந்தார்கள். சிமொனெட்டி அதற்கு முன் இருந்த குழுவின் பெயர் ‘டோரியன் கிரேயின் ஓவியம்’ என்ற பொருள் தரும் இத்தாலியப் பெயர். இந்த இரண்டு பெயர்களையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆலிவரின் கனவு லண்டன். யெஸ், எமர்சன் லேக் அண்டு பாமர் என்ற இரண்டு ஆங்கிலக் குழுக்களுக்கும் ஒலிப்பதிவு செய்த எடி ஆஃபர்ட், இவர்கள் பாட்டில் ஆர்வம் காட்டினார். பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்பிப் போனார்கள். போய்ச் சேர்ந்தால் ஆஃபர்ட் யெஸ் குழுவோடு சுற்றுப்பயணத்தில் இருந்தார். கல்யாண வீட்டுக்குப் போனால் மாப்பிள்ளை ஊரில் இல்லை என்ற கதை. கொஞ்ச காலம் அங்கே தாக்குப்பிடித்துவிட்டு ரோமுக்குத் திரும்பினார்கள்.

ரோமில் அவர்களை எடுத்துக்கொண்டது சினெவாக்ஸ் நிறுவனம். இங்கே கொஞ்சம் நின்று யோசியுங்கள். சினெவாக்ஸ் ராக் இசை நிறுவனம் இல்லை. அதன் முக்கிய வியாபாரம் திரைப்பட இசைத்தட்டுகள். லண்டனில் ராக் நட்சத்திரம் ஆகவேண்டும் என்று கிளம்பியவர்கள் கடைசியில் சினிமாப் பாட்டுக் கம்பெனியின் வாசலில் வந்து நின்றார்கள். பின்னால் நடந்ததெல்லாம் இந்த ஒரு திருப்பத்தால்தான் என்பது என் எண்ணம். வேறு ஒரு நிறுவனம் ஒப்பந்தம் போட்டிருந்தால் யெஸ் சாயலில் இன்னொரு நல்ல இத்தாலியக் குழுவாக இரண்டு தட்டுப் போட்டுவிட்டுக் கலைந்திருப்பார்கள்.

பாடகராக டோனி டார்டரினி சேர்ந்தார். தட்டும் பதிவானது. ஆனால் ஆலிவர் என்ற பெயர் போய், நிறுவனம் வைத்த ‘செரி ஃபைவ்’ என்ற பெயரில் வந்தது. இப்போது அந்தத் தட்டின் பாட்டுப் பட்டியலைப் பாருங்கள். ஒரு பாட்டின் பெயர் ‘தி பிக்சர் ஆஃப் டோரியன் கிரே’. இன்னொன்று ‘ஆலிவர்’. கைவிட்டுப் போன இரண்டு குழுப் பெயர்களையும் பாட்டுத் தலைப்பாக ஒளித்து வைத்திருக்கிறார்கள். முதல்முறை அந்தப் பட்டியலைப் பார்த்தபோது எனக்கு இது உறைக்கவே இல்லை.

எப்படிக் கேட்பது? முதல் பாட்டான ‘கன்ட்ரி கிரேவ்யார்ட்’ போதுமானது. ஆங்கில வரிகள், யெஸ் பாணியில் அடுக்கடுக்கான குரல்கள், ஹேமண்ட் ஆர்கன், மெல்லோட்ரான். மெல்லோட்ரான் தெரியாதவர்களுக்கு: பார்க்க ஆர்மோனியப் பெட்டியின் அண்ணன் மாதிரி இருக்கும். ஒவ்வொரு கட்டைக்கும் அடியில் ஒரு துண்டு ஒலிநாடா. கட்டையை அழுத்தினால் அந்த நாடாவில் முன்பே பதிந்த வயலினோ கோரஸோ சுமார் 8 விநாடிக்கு ஓடும். நாடா என்பதால் சுருதி லேசாக ஆடிக்கொண்டே இருக்கும். அந்த ஆட்டம்தான் பின்னால் பேய்ப்படங்களில் இவர்களுக்குக் கைகொடுத்தது.

செரி ஃபைவ் பெரிய படைப்பு என்று சொல்லமாட்டேன். திறமை இருக்கிறது, சொந்த முகம் இன்னும் வரவில்லை. ஒருமுறை கேட்டுவிட்டுக் கடந்துவிடலாம். இந்தத் தட்டு பதிவானது முதலில் என்றாலும் கடைக்கு வந்தது ‘ப்ரொஃபோன்டோ ரோஸ்ஸோ’ வெற்றிக்குப் பிறகுதான். வெளியீட்டு ஆண்டை வைத்து அடுக்கினால் கோப்ளினின் பக்கத்துணைத் தட்டு மாதிரி தோன்றி உங்களை ஏமாற்றும். கேட்கும் வரிசையில் இதுதான் முன்னால்.

நான்காம் படி: ‘ப்ரொஃபோன்டோ ரோஸ்ஸோ’ முழுத் தட்டும் படமும்

இயக்குநர் டாரியோ அர்ஜென்டோவின் முதல் மூன்று படங்களுக்கும் இசை என்னியோ மொரிக்கோனே. அதன்பிறகு 1973இல் எடுத்த படத்துக்கு ஜாஸ் பியானோக் கலைஞர் ஜார்ஜோ காஸ்லினி. ‘ப்ரொஃபோன்டோ ரோஸ்ஸோ’வுக்கும் காஸ்லினிதான் முதலில் எழுதினார். அர்ஜென்டோவுக்குத் திருப்தி இல்லை. அவர் மனதில் இருந்தது பிங்க் ஃபிளாய்ட் போன்ற ராக் ஒலி. சினெவாக்ஸின் கார்லோ பிக்ஸியோ, ‘நம்மிடமே சில பையன்கள் இருக்கிறார்கள், கேட்டுப் பாருங்கள்’ என்ற பாணியில் இவர்களைக் கொண்டுவந்து நிறுத்தினார்.

முதலில் காஸ்லினி எழுதியதை வாசிப்பதுதான் இவர்கள் வேலை. காஸ்லினி விலகிக்கொண்டதும் மிச்ச இசையை எழுதும் பொறுப்பு இருபதுகளின் தொடக்கத்தில் இருந்த இந்தப் பையன்கள் தலையில் விழுந்தது. முகப்பு இசையை ஒரே இரவில் எழுதி மறுநாளே ஸ்டுடியோவுக்குப் போனதாக சிமொனெட்டி பேட்டிகளில் சொல்லிவந்திருக்கிறார். அதற்குள் போர்டினி போய் மார்ட்டினோ வந்திருந்தார். பாடகர் தேவைப்படவில்லை. படத்துக்குப் பொருத்தமாகப் புதுப்பெயர் வைத்தார்கள்: நாட்டுப்புறக் கதைகளில் வரும் குறும்புக்காரக் குட்டிப் பிசாசு, கோப்ளின்.

படம் 1975 மார்ச் 7 அன்று வெளியானது. முகப்பு இசையின் சிறுதட்டு இத்தாலிய விற்பனைப் பட்டியலின் உச்சிக்குப் போனது. வரியில்லாத, தாளம் நொண்டுகிற, கொலைப்பட இசை ஒன்று காதல் பாட்டுகளுக்கெல்லாம் மேலே போய் உட்கார்ந்தது.

இனி முழுத் தட்டு. முன்பக்கத்தில் இவர்கள் எழுதியவை மூன்று: ‘ப்ரொஃபோன்டோ ரோஸ்ஸோ’, ‘டெத் டைஸ்’, ‘மேட் பப்பெட்’. மறுபக்கம் முழுக்கக் காஸ்லினி எழுதியது. கோப்ளினின் முதல் தட்டு என்று கொண்டாடுகிறோம், அதில் பாதிதான் அவர்களுடைய படைப்பு. ‘டெத் டைஸ்’ஸை இரண்டு மூன்று தடவை கேளுங்கள். பயமுறுத்தும் இசை என்றால் இழுவையாக, மெதுவாகத்தான் இருக்கவேண்டுமா? இது கிட்டத்தட்ட ஆடவைக்கும் வேகத்தில், துள்ளலும் திருகலுமாகப் போகிறது. கொலைகாரன் சந்தோஷமாக இருக்கிறான் என்ற உணர்வு. எனக்கு முகப்பு இசையைவிட இதுதான் பிடிக்கும்.

என் இடறலைச் சொல்லிவிடுகிறேன். படத்தில் ஒவ்வொரு கொலைக்கும் முன்னால் ஒலிநாடாவில் ஒரு குழந்தைப் பாட்டு ஒலிக்கும். ‘லா லா’ என்று ஒரு பிஞ்சுக்குரல். அது கோப்ளினின் மேதைமை என்று வருஷக்கணக்கில் நண்பர்களிடம் அளந்துகொண்டிருந்தேன். அது காஸ்லினி எழுதியது. தட்டில் ‘ஸ்கூல் அட் நைட்’ என்ற பெயரில் இருக்கிறது. அர்ஜென்டோ ஒதுக்கிய மனிதரின் மெட்டுதான் படத்தின் கதையைத் தாங்கிப்பிடிக்கிறது. காஸ்லினிக்கு நான் ஒரு மன்னிப்புக் கடன்பட்டிருக்கிறேன்.

படம் பார்க்கும்போது நீளத்தைக் கவனியுங்கள். இத்தாலியில் வெளியானது இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல். வெளிநாடுகளுக்குப் போனது இருபது நிமிஷத்துக்கு மேல் வெட்டுப்பட்டது. நீளமானதையே பாருங்கள். ஆங்கில ஒலியோடு பார்த்தால் சில காட்சிகளில் எல்லோரும் திடீரென்று இத்தாலியன் பேசத் தொடங்குவார்கள். பதற வேண்டாம், வெட்டுப்பட்ட அந்தப் பகுதிகளுக்கு ஆங்கில டப்பிங் செய்யப்படவே இல்லை. துணைத்தலைப்பை மட்டும் போட்டு வையுங்கள்.

நடுவே சில துண்டுகள்

இந்தப் படிக்கு ஒரு மாலை முழுக்கச் செலவழிக்க வேண்டாம். 1975இலேயே இத்தாலியத் தொலைக்காட்சித் தொடர் ‘காம்மா’வுக்கு இசை வந்தது. உறையில் என்ரிகோ சிமொனெட்டி, அதாவது அப்பா. வாசித்தவர்கள் மகனும் நண்பர்களும். மறு ஆண்டு வந்த ஒரு படத்தின் இசைத்தட்டில் ‘பிரிட்டிஷ் பேரரசு’ என்று பொருள்படும் ஒரு விசித்திரப் பெயர். அதன் உள்ளேயும் இந்தக் குழுவின் ஆட்கள்தான். ‘ப்ரொஃபோன்டோ ரோஸ்ஸோ’வுக்குப் பிறகு விலகிய மார்ட்டினோ, லிப்ரா குழுவுக்குப் போனார். அந்த லிப்ரா 1977இல் இயக்குநர் மரியோ பாவாவின் ‘ஷாக்’ படத்துக்கு இசை போட்டது. கோப்ளின் பிடித்துப்போனால் பிற்பாடு அதைத் தேடுங்கள், சித்தப்பா வீட்டுச் சமையல் மாதிரி சுவை தெரிந்ததாகவே இருக்கும்.

ஐந்தாம் படி: ‘ரோலர்’

1976. படம் எதுவும் இல்லாமல் இவர்களே தங்களுக்காகச் செய்த தட்டு. டிரம்ஸில் சிசிலிக்காரரான மராங்கோலோ வந்துவிட்டார். இரண்டாவது கீபோர்டுக்கு மௌரிட்ஸியோ குவாரினி. ஆறு பாட்டுகள், பாட்டுவரி ஒன்றுகூடக் கிடையாது.

புதியவர்கள் பெரும்பாலும் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள், படம் இல்லையே என்று. தாண்டாதீர்கள். குழுவின் கை எவ்வளவு தேர்ந்தது என்பது இதில்தான் தெரியும். ‘ப்ரொஃபோன்டோ ரோஸ்ஸோ’வில் படத்தின் அவசரம் இருக்கிறது. இதில் நிதானமாக உட்கார்ந்து வாசித்திருக்கிறார்கள். முதலில் ‘அக்வாமேன்’ கேளுங்கள்: மொரான்டேயின் கிட்டார் மெல்ல எழும்பி வந்து தனியே பேசும் இடத்தில் கண்ணை மூடிக்கொள்ளலாம். அப்புறம் ‘கோப்ளின்’ என்று தங்கள் பெயரையே வைத்த 11 நிமிஷப் பாட்டு. அதில் மராங்கோலோவைக் கவனியுங்கள். மார்ட்டினோ ராக் டிரம்மராக ஓங்கி அடிப்பார். இவர் கையில் ஜாஸின் வழுவழுப்பு இருக்கிறது, அடிக்கும் அடிக்கும் நடுவே சின்னச் சின்ன ஒலிகளால் இடத்தை நிரப்பிக்கொண்டே போவார். ஒரு டிரம்மர் மாறினால் குழுவின் நடையே மாறிவிடும் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது. ‘டெத் டைஸ்’ஸையும் ‘கோப்ளி’னையும் அடுத்தடுத்துப் போட்டால் போதும்.

விற்பனையில் ‘ரோலர்’ முந்தைய தட்டின் பக்கத்தில்கூட வரவில்லை. படத்தோடு வந்தால் வாங்குகிறார்கள், தனியாக வந்தால் திரும்பிப் பார்ப்பதில்லை. அந்தக் கணக்கு இவர்களைக் கடைசிவரை துரத்தியது.

ஆறாம் படி: ‘சஸ்பிரியா’, அவசரப்படாமல்

நீங்கள் முதலில் கேட்ட பாட்டுக்கு இப்போதுதான் வந்திருக்கிறோம். வேண்டுமென்றேதான் தாமதித்தேன். ‘ரோலர்’ வரை கேட்டுவிட்டு வந்தால், எவ்வளவு நன்றாக வாசிக்கத் தெரிந்தவர்கள் இங்கே எவ்வளவு குறைவாக வாசிக்கிறார்கள் என்பது புரியும்.

இத்தாலியப் படங்களில் அந்தக் காலத்தில் படப்பிடிப்பின்போது ஒலியைப் பதிவதில்லை. வசனத்தையெல்லாம் பிறகு ஸ்டுடியோவில் சேர்ப்பார்கள். அதனால் கேமரா ஓடும்போது தளத்தில் எவ்வளவு சத்தம் இருந்தாலும் பாதகமில்லை. அர்ஜென்டோ இதைப் பயன்படுத்திக்கொண்டார். குழுவிடம் முன்கூட்டியே இசை செய்து வாங்கி, தளத்தில் ஒலிபெருக்கியில் அலறவிட்டு நடிகர்களை நடிக்கவைத்தார். நடந்து வரும் பெண்ணின் காதில் உண்மையிலேயே அந்த இசை விழுந்துகொண்டிருந்தது. வழக்கமாகப் படத்துக்கு இசை போடுவார்கள், இங்கே பாதி வேலை தலைகீழாக நடந்தது. தட்டில் குழுவின் பெயரோடு அர்ஜென்டோ பெயரும் ஒத்துழைப்பாளராக இருப்பது இதனால்தான்.

கருவிகளைப் பாருங்கள். கிரேக்கத்து நரம்புக் கருவியான புஸூகி, மின்னணு ஒலி எழுப்பும் மூக் சிந்தசைசர், மெல்லோட்ரான், கூடவே நம் பக்கத்துத் தபேலா. முகப்பு இசையில் அடியில் உருண்டுவரும் ஒலிகளைக் காதைத் தீட்டிக்கொண்டு கேளுங்கள். நமக்குத் தபேலா என்றால் கஜலும் சினிமாப் பாட்டின் குழைவும்தான் ஞாபகம் வரும். அதே கருவியை அதன் ஊரிலிருந்து பிடுங்கிக்கொண்டுபோய் ஜெர்மானியக் காட்டு மாளிகையில் நிறுத்தியிருக்கிறார்கள். புஸூகியும் அப்படித்தான். எந்த ஊர் இசை என்று காதுக்குப் பிடிபடாமல் போவதுதான் நோக்கம். அந்தக் கரகரத்த முணுமுணுப்பு சிமொனெட்டியின் குரல். நடுநடுவே ஆங்கிலத்தில் ‘சூனியக்காரி’ என்று உச்சரிப்பதும் அவர்தான். படத்தின் ரகசியத்தை முதல் நிமிஷத்திலிருந்தே இசை போட்டு உடைத்துக்கொண்டிருக்கிறது. யார் கவனிக்கிறார்கள்?

படத்தின் முதல் ஐந்து நிமிஷத்தை மட்டும் தனியாக ஒருமுறை பாருங்கள். நாயகி விமான நிலையத்திலிருந்து வெளியே வருகிறாள். எதிரே தானாகத் திறந்து மூடும் கண்ணாடிக் கதவு. அது திறக்கும்போது வெளியே அடிக்கும் புயலோடு அந்த மெட்டும் உள்ளே வருகிறது. மூடினால் சட்டென்று நிற்கிறது, நிலையத்தின் சாதாரணச் சத்தம் மட்டும். மறுபடி திறக்கிறது, மறுபடி மெட்டு. இசை படத்தின் மேல் பூசப்பட்டதாக இல்லாமல், வெளியே மழையில் நின்று அவளுக்காகக் காத்துக்கொண்டிருக்கும் ஆள் மாதிரி இருக்கிறது. கதவைத் தாண்டி அவள் காலை வைத்ததும் பிடித்துக்கொள்கிறது. இசையமைப்பு, ஒலிக்கலவை, காட்சி மூன்றும் இப்படி ஒன்றாகக் கைகோத்த இடங்களை நான் அதிகம் பார்த்ததில்லை.

தட்டை முழுதாகக் கேட்கும்போது ‘விட்ச்’, ‘ஸைஸ்’ இரண்டையும் ஹெட்ஃபோனில், சத்தத்தைக் கொஞ்சம் குறைத்தே வையுங்கள். ‘ஸைஸ்’ஸில் கிட்டாரைச் சுற்றிப் பெருமூச்சுகள் மட்டும். சஸ்பிரியா என்ற லத்தீன் சொல்லுக்கே பெருமூச்சுகள் என்றுதான் பொருள். பிறகு ‘பிளாக் ஃபாரஸ்ட்’ வரும்போது மூச்சுவிடலாம், ‘ரோலர்’ காலத்துக் குழு திரும்பி வந்து நிம்மதியாக வாசிக்கும். சின்ன எச்சரிக்கை: தட்டில் இருப்பதும் படத்தில் ஒலிப்பதும் அப்படியே ஒன்றல்ல. படத்தில் கேட்ட ஏதோ ஒன்று தட்டில் இல்லையே என்று தோன்றினால், பிற்காலக் குறுந்தட்டு மறுபதிப்புகளில் கூடுதலாகச் சேர்த்த பகுதிகளில் தேடுங்கள்.

ஏழாம் படி: 1978, இரண்டு தட்டுகள்

முதலாவது, மார்க் என்ற பூச்சியின் அதிசயப் பயணம் என்ற பொருளில் நீளமான இத்தாலியத் தலைப்புக் கொண்ட தட்டு. தேடும்போது ‘பகரோட்ஸோ’ (bagarozzo) என்ற சொல்லைப் போடுங்கள், வந்துவிடும். மொரான்டே பாடுகிறார், கதையாகத் தொடரும் பாட்டுகள், போதைப் பழக்கத்தைப் பற்றிய உருவகம். படமில்லாத தட்டு, ஆகவே இதற்கும் ‘ரோலர்’ கதிதான். எனக்கு அந்தக் குரல் இன்றுவரை ஒட்டவில்லை. வாசிப்புக்காக ஒருமுறை கேளுங்கள்.

இரண்டாவது ‘ஸோம்பி’. அமெரிக்க இயக்குநர் ஜார்ஜ் ரொமேரோவின் ‘டான் ஆஃப் தி டெட்’ படத்துக்கான இசை. இங்கே எந்தப் பதிப்பைப் பார்க்கிறீர்கள் என்பது முக்கியம். அமெரிக்காவில் ஓடிய ரொமேரோவின் பதிப்பில் கோப்ளின் இசை கொஞ்சம், நூலகத்திலிருந்து எடுத்த பொது இசை நிறைய. ஐரோப்பாவுக்காக அர்ஜென்டோ வெட்டித் தொகுத்த பதிப்பில்தான் குழு முழுதாக ஒலிக்கிறது. குழுவைக் கேட்க அதுதான் தோது. பெயர்ப் பலகையில் ‘தி கோப்ளின்ஸ்’ என்று பன்மையில் அச்சாகியிருந்தாலும் குழம்ப வேண்டாம், இவர்களேதான்.

தட்டின் முதல் பாட்டில் பேஸும் டிரம்ஸும் மெதுவாக, நெஞ்சு துடிக்கிறமாதிரி அடித்துக்கொண்டே போகும். மேலே ஒன்றுமே நடக்காது. நடக்கும் பிணங்களுக்கு ஓட்டம் எதற்கு? அப்புறம் ‘முகத்தில் கேக்’ என்ற பொருளுள்ள ஒரு கோமாளித்தனமான துண்டு வந்து விழும். படத்தில் உண்மையாகவே கேக்கை எடுத்து முகத்தில் அப்புகிறார்கள். இவர்களுக்கு நகைச்சுவை தெரியும் என்பதை மறந்துபோன நேரத்தில் அது வந்து நிற்கும்.

இதற்குப் பிறகு

‘ஸோம்பி’யோடு பழைய கூட்டணி உடைகிறது. சிமொனெட்டி விலகி டிஸ்கோ இசைப் பக்கம் போனார், மொரான்டேயும் வெளியேறினார். பின்யாடெல்லி பெயரைக் காப்பாற்றிக்கொண்டு குவாரினி, மராங்கோலோ முதலியவர்களோடு இன்னும் சில படங்கள் செய்தார். அதில் 1979இன் ‘புயோ ஓமேகா’ கேட்கத் தகுந்தது. அதற்கும் வெகுகாலம் கழித்து ஆளுக்கொரு கோப்ளின் என்று கிளை பிரிந்தது. முன்னால் ‘கிளாவ்டியோ சிமொனெட்டியின்’ என்று ஒட்டியிருந்தால் அது அவருடைய பிற்காலக் குழு. மேடைக்கு நன்றாக இருக்கும், ஆனால் 1975ஐத் தேடி அதில் இறங்காதீர்கள். ஒலி மிகச் சுத்தமாக, டிரம்ஸ் காதை இடிக்கிறமாதிரி இருந்தால் சந்தேகப்பட்டு ஆண்டைப் பாருங்கள். மொரான்டே 2022 ஜூனில் காலமானார். பழைய மூவரையும் ஒன்றாகக் கேட்கவேண்டுமானால் இனி பதிவுகள்தான்.

இவ்வளவு தூரம் வந்தவர்கள் அடுத்து 1982இல் அர்ஜென்டோ எடுத்த ‘டெனெப்ரே’வின் தட்டை எடுக்கலாம். சிமொனெட்டி, மொரான்டே, பின்யாடெல்லி மூவரும் அதில் மறுபடி சேர்கிறார்கள். மராங்கோலோ இல்லை, டிரம்ஸ் வேலையை இயந்திரம் பார்த்துக்கொள்கிறது. குழுப் பெயரைப் பயன்படுத்த முடியாததால் உறையில் மூவரின் குடும்பப் பெயர்கள் மட்டும் இருக்கும். அதனால் கோப்ளின் என்று தேடினால் சில இடங்களில் கண்ணில் படாது, படத்தின் பெயரைப் போட்டுத் தேடுங்கள்.